வளைந்த மலையை நடந்தே அளந்தவர்: நிலவியலாளர் வாடியா

இந்தியாவின் வடக்கே ஜம்முவில் இருந்த ஒரு கல்லூரியில் ஏறக்குறைய 14 ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர், தமது 38ஆவது வயதில் அந்த வேலையை விட்டார். சுத்தியல், திசைகாட்டி, குறிப்பேடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இமயமலைச் சரிவுகளில் நடக்கத் தொடங்கினார். அவர் வெளிநாட்டில் படித்தவர் அல்லர். ஆனால் பத்தே ஆண்டுகளில், உலகின் மிக உயர்ந்த மலைத்தொடரைப் பற்றி நெடுங்காலமாக இருந்த ஒரு கேள்விக்கு அவர் விடை சொன்னார். அந்த விடை இன்றும் நிற்கிறது.

அவர் பெயர் தாராஷா நோஷெர்வான் வாடியா. அறிவியல் உலகில் டி.என்.வாடியா என்றால் எல்லாருக்கும் தெரியும். லண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்திய நிலவியலாளர் அவர்தான்.

நிலவியல் என்பது நாம் பள்ளியில் படிக்கும் புவியியல் அன்று. புவியியல் நாடுகளையும் நதிகளையும் மக்களையும் பற்றிப் பேசும். நிலவியல், அதாவது ஜியோலஜி, நம் காலடியில் இருக்கும் பாறையைப் பற்றிப் பேசும். அந்தப் பாறை எப்போது, எப்படி உருவானது, பிறகு அதற்கு என்ன நேர்ந்தது, அதனுள் என்ன இருக்கிறது என்பவையே அதன் கேள்விகள். எண்ணெய்க் கிணறு தோண்டுவதும், ஈயம் எடுப்பதும், அணை கட்டுவதும், நிலநடுக்க ஆபத்தைக் கணிப்பதும் இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தவையே.

ரயில் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு

வாடியா 1883 அக்டோபரில் குஜராத்தின் சூரத் நகரில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். வாடியா என்ற குடும்பப் பெயர் கப்பல் கட்டும் தொழிலோடு தொடர்புடையது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்டிக் கொடுத்தவர்கள் அவருடைய முன்னோர்கள். ஆனால் அவர் பிறந்த காலத்தில் குடும்பத்தில் பெரிய செல்வம் எதுவும் இல்லை. தந்தை ஒரு சிறிய ரயில் நிலையத்தில் நிலைய அதிகாரியாக வேலை பார்த்தார். அங்கே நல்ல பள்ளி இல்லாததால், சிறுவன் வாடியா சூரத்தில் பாட்டியின் வீட்டில் தங்கிப் படித்தான். படிப்பதற்காகப் பிள்ளையை டவுனில் உறவினர் வீட்டில் விடுவது நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கும் பழக்கமான ஒன்றுதானே.

பிறகு பரோடாவில் கல்லூரிப் படிப்பு. அங்கே இயற்கை அறிவியல் பேராசிரியராக இருந்த அடர்ஜி மசானி அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். வாடியா முதலில் தாவரவியலும் விலங்கியலும் படித்து 1903இல் பட்டம் பெற்றார். அதோடு நிற்காமல் நிலவியலையும் எடுத்துப் படித்து இன்னொரு பட்டமும், 1906இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். உயிர்களைப் பற்றிய அந்த முதல் படிப்பு வீண்போகவில்லை. பாறைக்குள் கல்லாகிக் கிடக்கும் பழங்கால உயிர்களை அடையாளம் காண அதுவே பின்னாளில் கைகொடுத்தது.

1907இல் ஜம்முவின் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் கல்லூரியில் நிலவியல் பேராசிரியராகச் சேர்ந்தார். கல்லூரிக்குப் பக்கத்திலேயே சிவாலிக் குன்றுகள். இமயம் உயர உயர, அதிலிருந்து ஆறுகள் அரித்துக் கொண்டுவந்த மணலும் களிமண்ணும் கூழாங்கற்களும் சேர்ந்து இறுகி உண்டானவை அவை. வாடியா விடுமுறைகளை அந்தக் குன்றுகளில் கழித்தார். பாடத்தில் வரும் பாறைகளைப் படத்தில் காட்டுவதைவிட, நேரில் தொட்டுப் பார்க்க வைப்பது அவருக்குப் பிடித்த முறை.

அப்படிச் சுற்றியபோது கிடைத்ததுதான் ஒரு பழங்கால யானையின் மண்டையோடு. தந்தம் மட்டும் ஏறக்குறைய 3 மீட்டர் நீளம். ஸ்டெகடான் கணேசா என்பது அந்த இனத்தின் அறிவியல் பெயர். நம் பிள்ளையாரின் பெயர்தான். 19ஆம் நூற்றாண்டில் சிவாலிக் குன்றுகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர்கள் அந்த இனத்துக்கு அப்படிப் பெயர் சூட்டியிருந்தார்கள்.

மாணவர்களுக்காக ஒரு புத்தகம்

அந்தக் காலத்தில் இந்திய மாணவர்கள் நிலவியல் படிக்க வேண்டுமானால் பெரும்பாலும் ஐரோப்பியப் புத்தகங்களையே நம்ப வேண்டியிருந்தது. சொந்த நாட்டுப் பாறைகளைப் பற்றிய செய்திகள் அரசாங்க அறிக்கைகளில் சிதறிக் கிடந்தன. ஒரு கல்லூரி மாணவனால் அவற்றையெல்லாம் தேடிப் படிக்க முடியாது. வாடியா அவற்றைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, இந்திய நிலவியல் பற்றி ஒரு பாடநூல் எழுதினார். அது 1919இல் வெளிவந்தது. திருத்தப்பட்ட பல பதிப்புகளைக் கண்ட அந்த நூலைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்தார்கள்.

1921இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அவரை எடுத்துக்கொண்டது. அதன் உயர் பதவிகள் அதுவரை பெரும்பாலும் ஆங்கிலேயர்களிடமே இருந்தன. ஐரோப்பியப் பட்டம் இல்லாமல் அந்த அதிகாரிகள் வரிசையில் இடம் பெற்ற முதல் இந்தியர் வாடியா. மற்றவர்கள் இளைஞர்களாகச் சேரும் வேலைக்கு அவர் நடுவயதில் போனார். ஆனால் ஜம்முவில் கழித்த ஆண்டுகளால், அந்த மலைகளை அவர் அளவுக்குக் காலால் அறிந்தவர்கள் அதிகம் இல்லை.

மலை ஏன் திரும்பியது?

இமயமலையின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்கே நம்சா பர்வா சிகரத்திலிருந்து மேற்கே நங்கா பர்பத் வரை ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் தூரம் அது ஒரு வில் போல நீண்டு கிடக்கிறது. நங்கா பர்பத்தின் உயரம் 8,126 மீட்டர். அந்த இடத்துக்கு வந்ததும் மலைகள் சட்டென்று தெற்கு நோக்கித் திரும்புகின்றன. கொண்டை ஊசி போன்ற வளைவு.

இங்கேதான் கேள்வி. அங்கே இரண்டு தனித்தனி மலைத்தொடர்கள் வந்து சந்திக்கின்றனவா? அல்லது ஒரே மலைத்தொடர்தான் வளைகிறதா? தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. இருபக்கமும் உள்ள பாறைகளை ஒவ்வோர் அடுக்காக ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

வாடியா செய்தது அதைத்தான். பூஞ்ச், காஷ்மீர், ஹசாரா, நங்கா பர்பத் என ஆண்டுக்கணக்கில் நடந்தார். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் பாறை எந்த வகை, அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்கு இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனார். வளைவின் ஒரு கையில் கண்ட அதே பாறை வரிசை மறு கையிலும் இருந்தது. அடுக்குகளின் திசை கொஞ்சங்கொஞ்சமாக மாறி, வளைவைச் சுற்றிக்கொண்டு போனது. எங்கும் அறுபடவில்லை. ஆகவே அது ஒரே மலைத்தொடர்தான் என்பது உறுதியானது.

அப்படியானால் அது ஏன் வளைந்தது? பஞ்சாப் சமவெளியின் வண்டல் மண்ணுக்கு அடியில், தென்னிந்தியாவின் பழைய கெட்டிப் பாறை ஒரு நாக்குப் போல வடக்கு நோக்கி நீண்டிருக்கிறது என்றார் வாடியா. இமயம் இருக்கும் இடத்தில் ஒருகாலத்தில் டெதிஸ் என்ற கடல் இருந்தது. அக்கடலின் அடியில் படிந்திருந்த அடுக்குகள் நெருக்கப்பட்டபோது, அந்தக் கெட்டி நாக்கில் முட்டி, அதைச் சுற்றி மடிந்துகொண்டன. மேசை விரிப்பை ஒரு செங்கல்லை நோக்கித் தள்ளிப் பாருங்கள். செங்கல்லின் மூலையைச் சுற்றித் துணி சுருக்கம் சுருக்கமாக வளைந்து நிற்கும். ஏறக்குறைய அதுபோலத்தான்.

இன்னொன்றையும் அவர் கண்டார். சில இடங்களில் பழைய பாறை மேலேயும் இளைய பாறை கீழேயும் இருந்தன. சாதாரணமாக இது தலைகீழ். அடியில் இருப்பதுதான் முதலில் படிந்ததாக இருக்க வேண்டும். நெருக்கும் விசை பாறைப் பலகைகளை உடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல கிலோமீட்டர் தூரம் தள்ளிவிட்டிருப்பதால் வந்த மாற்றம் அது. அந்த முறிவுக் கோடுகளில் முர்ரீ, பஞ்சால் என்ற இரண்டையும் அவர் வரைபடத்தில் கோடு கோடாகப் பின்தொடர்ந்தார். அவையும் வளைவைச் சுற்றியே போயின. இந்த ஆய்வு 1931இல் வெளிவந்தது. லண்டன் அரச புவியியல் கழகம் 1934இல் அவருக்குப் பரிசளித்தது. அங்குள்ள நிலவியல் கழகம் 1943இல் லயல் பதக்கம் வழங்கியது.

கெடா மலைகளின் கதை

இமயத்தின் கதை நமக்கு அந்நியமானதன்று. சுங்கைப்பட்டாணியிலிருந்து குரூண் நோக்கி நெடுஞ்சாலையில் போகும்போது இடப்பக்கம் தெரியும் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். பழைய கடல் மணல், மணற்பாறையாக இறுகி, பிறகு வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மேலும் கடினமான குவார்ட்சைட் பாறையாக மாறிய இடம் அது. பக்கத்திலேயே அடியிலிருந்து உருகி மேலே வந்து உறைந்த கிரானைட்டும் இருக்கிறது. லங்காவியின் மச்சிஞ்சாங் மலையில் உள்ள மணற்பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. நாட்டின் மிகப் பழைய பாறைகளில் அதுவும் ஒன்று. இந்தியாவும் ஆசியாவும் மோதி இமயம் எழத் தொடங்கியது ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். மச்சிஞ்சாங்கின் வயதில் பத்தில் ஒரு பங்கு.

தீபகற்ப மலேசியாவும் ஒரு மோதலில் பிறந்ததுதான். கெடா உள்ளிட்ட மேற்குப் பகுதி ஒரு நிலத்துண்டு. கிழக்குப் பகுதி இன்னொன்று. இடையில் இருந்த கடல் மூடிக்கொண்டு, 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒட்டிய தழும்பு பெந்தோங், ராவூப் வழியாக வடக்கு தெற்காகச் செல்கிறது. அந்த மோதலோடு தொடர்புடைய கிரானைட்தான் தித்திவங்சா மலைத்தொடரின் முதுகெலும்பு. அந்தக் கிரானைட்டோடு வந்ததுதான் பேராக்கையும் சிலாங்கூரையும் வளப்படுத்திய ஈயம்.

எண்ணெய் எங்கே ஒளிந்திருக்கிறது?

பழங்காலக் கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்கள் சேற்றோடு புதைந்து, ஆழத்தின் வெப்பத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறுகின்றன. அவை மேல்நோக்கிக் கசியும். வழியில் துளையுள்ள மணற்பாறை இருந்து, அதன்மேல் கசிய விடாத களிப்பாறை மூடியிருந்தால், அங்கே தேங்கும். பாறை அடுக்குகள் கவிழ்த்த கிண்ணம்போல மடிந்திருக்கும் இடம் அதற்கு மிகவும் தோதானது. மலையை உண்டாக்கும் நெருக்கமே இந்த மடிப்புகளையும் உண்டாக்குகிறது. அதனால்தான் எண்ணெய் தேடுபவர்கள் மலையடிவாரங்களை விட்டுவைப்பதில்லை. சரவாக்கின் மீரியில் 1910இல் முதல் எண்ணெய் கிடைத்ததும் அப்படிப்பட்ட மேல்நோக்கிய மடிப்பு ஒன்றில்தான்.

வாடியா ஆராய்ந்த பகுதியை ஒட்டிய போட்வார் மேட்டு நிலத்தில், கௌர் என்ற இடத்தில் 1915 முதல் எண்ணெய் கிடைத்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தின் பாறைகள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன, எங்கே மடிந்துள்ளன, எங்கே உடைந்துள்ளன என்று சொல்லும் வரைபடங்களே எண்ணெய்த் தேடலின் அடிப்படை. பூஞ்ச் மற்றும் அதை ஒட்டிய பஞ்சாப் பற்றி வாடியா 1928இல் வெளியிட்ட ஆய்வு அத்தகையது.

ஆனால் மடிப்பு இருந்தால் மட்டும் போதாது. நெருக்கம் மிஞ்சினால் மூடியே உடைந்துவிடும். சேர்ந்த எண்ணெய் கசிந்து போய்விடும். இமாச்சலப் பிரதேசத்தின் ஜ்வாலாமுகி கோயிலில் பாறைப் பிளவிலிருந்து அணையாமல் எரியும் சுடரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடியிலிருந்து கசியும் இயற்கை எரிவாயுதான் அது. இந்திய அரசின் எண்ணெய், எரிவாயு ஆணையம் 1957இல் அங்கே ஆழ்கிணறு தோண்டத் தொடங்கியது. வணிக அளவுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. குஜராத்தின் சமவெளியில் காம்பேயில் 1958இலும் அங்க்லேஷ்வரில் 1960இலும் கிடைத்தது. நம் நாட்டிலும் இதே பாடம் உண்டு. கெடாவின் பழைய பாறைகள் மிகவும் வெந்து இறுகியவை. பெட்ரோனாஸ் எண்ணெய் எடுப்பது திரங்கானு, சரவாக், சபா கடலடியில் உள்ள இளைய படிவுகளிலிருந்து.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் படிக்கட்டுகள்

1938இல் ஆய்வுத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற வாடியா வீட்டில் உட்காரவில்லை. இலங்கை அரசின் கனிமவியலாளர் பொறுப்பை ஏற்று 1944 வரை அங்கே பணியாற்றினார். நம் முன்னோரைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள் தேயிலை பறித்த அந்த மலையகத்தில், நில அமைப்பு மூன்று பெரும் படிகளாக இருப்பதை ஆராய்ந்தார். கரையோரச் சமவெளி முதல் படி. அதற்கு மேல் ஒரு நடுப்படி. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஆகியவை இருக்கும் உச்சி மூன்றாம் படி. நிலத்துண்டுகள் அடியிலிருந்து மேலே தூக்கப்பட்டதால் உண்டான படிகள் இவை என்பது அவருடைய விளக்கம். அரிப்பினால் உண்டானவை என்ற கருத்தும் இருந்தது. இந்த விவாதம் அவருக்குப் பிறகும் நீடித்தது. எல்லாக் கேள்வியிலும் ஒருவரே கடைசி வார்த்தை சொல்லிவிட முடியாது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

1943இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர் ஜவஹர்லால் நேரு. ஆனால் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தால் அவர் சிறையில் இருந்தார். முந்தைய ஆண்டுத் தலைவரான வாடியாவே மறுபடியும் தலைமை ஏற்றார். நாடு திரும்பியபின் அரசின் நிலவியல் ஆலோசகராகவும், இந்தியச் சுரங்கத் துறையின் தலைவராகவும் இருந்தார். 1949 முதல் அணுசக்தித் துறைக்காக யுரேனியம் முதலான தாதுக்களைத் தேடும் பிரிவை வழிநடத்தினார்.

மண்ணையும் அவர் மறக்கவில்லை. 1935இல் இந்தியாவின் மண் வகைகளைக் காட்டும் வரைபடம் ஒன்று வெளிவந்தது. அதில் அவரோடு உழைத்தவர்களில் ஒருவர் தஞ்சை மண்ணைச் சேர்ந்த தமிழர் எம்.எஸ்.கிருஷ்ணன். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவர் அவர்.

1957இல் அரச கழக உறுப்பினர், 1958இல் பத்மபூஷண், 1963இல் தேசியப் பேராசிரியர் என்று வாடியாவுக்குச் சிறப்புகள் வந்தன. 1964இல் அனைத்துலக நிலவியல் மாநாடு முதன்முறையாக ஆசியாவில், புதுடில்லியில் நடந்தபோது தலைவர் அவரே. 1968இல் இமயமலை ஆய்வுக்கென ஒரு நிறுவனம் டில்லியில் உருவாக முன்நின்றார். அடுத்த ஆண்டு, 1969 ஜூன் 15ஆம் நாள் காலமானார். பின்னர் டேராடூனுக்கு மாறிய அந்த நிறுவனம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவருக்குப் பிறகு

வாடியா வளைவைப் பற்றி எழுதிய 1931இல், கண்டங்கள் நகர்கின்றன என்பதை அறிஞர்களில் பலர் ஏற்கவில்லை. பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாக நகர்கிறது என்ற கோட்பாடு நிலைபெற்றது 1960களின் கடைசியில்தான். அவர் மறைந்ததும் ஏறக்குறைய அதே நேரம். விளக்கங்கள் மாறின. இந்தியத் தட்டு ஆசியாவுக்குள் இன்னும் நுழைந்துகொண்டிருக்கிறது என்று இப்போது தெரியும். ஆனால் அவர் நடந்து குறித்த பாறைகளும் கோடுகளும் மாறவில்லை. புதிய கோட்பாட்டுக்கும் அவையே சான்றாயின.

2005 அக்டோபர் 8ஆம் நாள் காஷ்மீரில் 7.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. 70,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பள்ளியில் இருந்த பிள்ளைகள் பலர் இடிபாடுகளில் சிக்கினர். கடுமையாகச் சேதமடைந்த முசாபராபாத் நகரம் இருப்பது, வாடியா ஆராய்ந்த அந்த வளைவின் மடியில். மலையை வளைத்த அதே நெருக்கம் இன்னும் ஓயவில்லை. பாறையைப் படிப்பது எண்ணெய்க்காக மட்டுமன்று. எங்கே வீடு கட்டலாம், பள்ளியை எவ்வளவு உறுதியாகக் கட்ட வேண்டும் என்று சொல்வதற்கும் அதுதான் வழி.

நம் மாணவர்களில் மருத்துவம், பொறியியல், சட்டம் என்று யோசிப்பவர்களே அதிகம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் படிக்கலாம். பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எண்ணெய்த் தேடலுக்கான புவி அறிவியல் உண்டு. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் அக்கறை காட்டுங்கள். கெடாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. லங்காவி 2007 முதல் யுனெஸ்கோ ஏற்ற நிலவியல் பூங்கா. அடுத்த விடுமுறையில் அங்கே போனால் கேபள் காரில் ஏறிப் படம் எடுப்பதோடு நிற்காமல், மச்சிஞ்சாங் பாறையின் அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். ஏன் அப்படிச் சாய்ந்தன என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். ஜம்முவில் வாடியா தம் மாணவர்களுக்குப் பழக்கியதும் இப்படிப் பார்ப்பதைத்தான்.